ஒண்ணு அண்ணன், ரெண்டு நான்

என்னம்மா இப்புடி இருமுறீங்க? ஒரத்தநாட்டுல ஏறுனதுலேருந்து பாக்குறேன், நெஞ்சே பேந்துரும் போலருக்கு. மாத்திரை தரட்டுமா? எங்கிட்ட இருக்கு. சளி மாத்திரைதான். ஒண்ணு போட்டா மூக்கடைப்பு விட்டுடும், தூக்கமும் சுகமா வரும். வேண்டாமா? சரி, வேண்டாம்னா விடுங்க. முன்னப்பின்ன தெரியாதவங்க குடுக்குறத வாங்கித் திங்கக்கூடாதுதான். இந்தக் காலத்துல யார நம்புறது?

பழமாவது சாப்பிடுங்களேன். பூவன் பழம். நம்ம கொல்லையில காச்சது. அதுவும் வேண்டாமா? என்னம்மா நீங்க. சரி, கால கொஞ்சம் அந்தண்ட நகத்துங்க, கூடைய உள்ள தள்ளிக்கிறேன். மகன் வீட்டுக்குப் போறேன், வெறுங்கையோடயா போறது? திருவெறும்பூர்ல இருக்கான். லேத்துப் பட்டறையில வேலை. குணசீலன்னு பேரு. பேருலதான் குணம், ஆத்தாகிட்ட ஒரு குணத்தையும் காணும்.

நாளைக்கு மருமகளுக்குத் தாலி பிரிச்சுக் கோக்குறாங்க. உங்க பக்கமும் உண்டுல்ல? கல்யாணத்தப்பக் கட்டுன கயித்தப் பிரிச்சு, குண்டு மணியெல்லாம் சேத்து புதுக்கயித்துல கோத்துப் போடுறது. அஞ்சாம் மாசம். விசேஷம்தான், சந்தோஷமாத்தான் போவணும். ஆனா நான் அதுக்காவ மட்டும் போவலம்மா. எம்பொண்ணு அங்க இருக்கா. அவளக் கையோட கூட்டியாந்துரணும். அதுக்குத்தான் போறேன்.

பொண்ணு பேரு மங்கை. மங்கையர்க்கரசின்னு வச்சோம், கூப்புடுறது மங்கை. வயசு இருபத்தேழு, ஆனா கொழந்த. எப்புடிச் சொல்லுறது... பொறந்தப்பவே கண்ணு கொஞ்சம் மேல இழுத்தாப்புல, மூக்கு சப்பையா, கையி குட்டக்குட்டையா. டவுன் சிண்ட்ரோம்னாங்க டாக்டருங்க. ஊருல வேற வேற பேரு சொல்லுவாங்க, அதெல்லாம் எங்கிட்டக் கேக்காதீங்க. நாக்குல வச்சுச் சொல்லமாட்டேன்.

அவ அப்பா போனதுலேருந்து நான் ஒத்த ஆளாத்தான் வளத்தேன். வளத்தேன்னா சும்மா இல்லம்மா. சோறு ஊட்டுறது நான், தல சீவுறது நான், குளிப்பாட்டுறது நான். இன்ன வரைக்கும் அவ கையால ஒரு டம்ளர் தண்ணி மொண்டு குடிக்க விட்டதில்ல. குடத்தக் கவுத்துட்டான்னா? அடுப்புப் பக்கம் போக விட்டதில்ல. வாசப்படி தாண்ட விட்டதில்ல. பட்டுக்கோட்டையில இந்தப் பிள்ளைங்களுக்குன்னு ஒரு பள்ளிக்கூடம் இருந்துச்சு. கொஞ்ச நாள் போனா. பாட்டெல்லாம் பாடிக்கிட்டு வருவா. வேன்ல யாரோ ஒரு பய அவ பேச்சப் பழிச்சுக் காட்டுனான்னு வந்து அழுதா, அன்னையோட நிறுத்திட்டேன். மறுநாள் பையத் தூக்கிக்கிட்டு வாசல்ல நிக்கிறா, அடம். பையத் தூக்கிப் பரண்ல போட்டேன். எம்பொண்ணப் பாத்து எவனும் சிரிக்கப்படாது.

சிரிக்கிறதுன்னதும் ஞாவகம் வருது. எங்க கொழுந்தன் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருதரம் கூட்டிட்டுப் போனேன். கண்ணு அசந்த நேரம், மேடையில ஏறிட்டா. ஏறி, பொண்ணு கன்னத்தப் புடிச்சு முத்தம் குடுத்து, மேளத்துக்குத் தக்கன ஆட்டமும் போட்டா. எவனோ போன்ல புடிச்சு, ஏதோ ஒரு கண்றாவிப் பாட்ட ஒட்டி ஊரு பூரா அனுப்பிட்டான். எனக்கே வந்துச்சும்மா அந்தப் படம். எங்கையிலேயே எம்பொண்ணு. அவளும் அதுல சிரிச்சாப்புலதான் இருந்தா, பாத்தவங்களும் சிரிச்சாங்க. ஆனா ரெண்டும் ஒரு சிரிப்பு இல்லம்மா. அன்னைக்கு அடுப்படியில உக்காந்து நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். ஊரு வாய மூட உலைமூடி ஏது? நம்ம வீட்டுக் கதவத்தான் மூடிக்கணும். மூடிக்கிட்டேன். அதுக்கப்பறம் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, எதுக்கும் அவ வர்றதில்ல. எனக்கும் நிம்மதி, அவளுக்கும் நிம்மதி. அவளுக்கு என்னம்மா தெரியும்?

இப்ப சொல்லுங்க, இப்புடி வளத்தவகிட்டேருந்து ஒருத்தி வந்து பிள்ளையப் பறிச்சுக்கிட்டுப் போவலாமா? அவதான் எம்மருமக. சங்கவின்னு பேரு. ரத்தம் டெஸ்ட் பண்ணுற எடத்துல வேல பாக்குறா. ஊசியக் குத்திக் குத்தி ரத்தம் உறிஞ்சுறவளுக்கு எரக்கம் எங்கேருந்து வரும்?

குணாவுக்கு வரன் பாக்கும்போது நான் சூதானமா இருந்தேன். ஒரு பையன், ஒரு பொண்ணு, பொண்ணு வீட்டோட இருக்குன்னுதான் தரகர்கிட்டச் சொன்னேன். பொய் இல்லையே? வீட்டோடதானே இருக்கா? அவங்க வீடு பாக்க வந்தன்னைக்கு மங்கையப் பக்கத்து வீட்டுல கொண்டுபோயி உக்கார வச்சேன். எல்லாம் நல்லபடியா முடிஞ்சுச்சுன்னு நெனச்சா, இந்தப் பய அந்தப் பொண்ணுகிட்ட முன்னாடியே எல்லாத்தையும் சொல்லிருக்கான்! அவளும் தெனம் போன்ல மங்கை மூஞ்சியப் பாத்துப் பேசியிருக்கா. நான் என்னத்தக் கண்டேன்? மங்கை போன வச்சுக்கிட்டுச் சிரிக்கும், ஏதோ படம் பாக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன்.

அதோட விட்டானா? நாத்தனார் முடிச்சு போடக் கத்துக்குடுத்தான். மாப்பிள்ள ஒரு முடிச்சு போட்டா மிச்சம் ரெண்டும் மாப்பிள்ளையோட கூடப்பொறந்தவதானே போடணும்? அந்த ரெண்ட. மஞ்சக்கயிறு ஒண்ண வாங்கியாந்து அவ கையில குடுத்துட்டான். கட்டக் கட்ட விரலு, கயிறு நிக்குமா? நழுவும், திரும்பப் புடிப்பா, நழுவும், திரும்பப் புடிப்பா. நாக்க வெளிய நீட்டிக்கிட்டு மாசக்கணக்கா ஒக்காந்து கட்டுனா. கட்டில் காலு, ஜன்னல் கம்பி, பைப்புக் கழுத்து, எங்க பாத்தாலும் முடிச்சு. நான் ஒருபக்கம் அவுத்துக்கிட்டே வருவேன், அவ ஒருபக்கம் போட்டுக்கிட்டே போவா. மத்தியானம் செத்தக் கண்ணசந்தா எம்முந்தானையக் கட்டில்ல கட்டி வச்சிருப்பா. எந்திரிச்சா இழுக்கும். கேட்டா ஒரே பேச்சுதான்: "ஒண்ணு அண்ணன், ரெண்டு நான்." விடிஞ்சா எந்திரிச்சா இதான். ஒண்ணு அண்ணன், ரெண்டு நான்.

ஊரு ஒறவு, சம்பந்தி வீட்டுச் சனம், வீடியோக்காரன் எல்லாம் நிக்கிற எடத்துல இவ போயி முடிச்சு போடுறதாவது? கை தடுமாறிக் கயிறு நழுவுனா அபசகுனம். நழுவலன்னாலும் சிரிப்பாங்க. திரும்ப ஒரு படம் எம்போன்ல வரும். குணாகிட்டச் சொன்னேன், "வேண்டாண்டா, கொழுந்தன் மக தாரணி இருக்கா, அவளும் தங்கச்சி முறதானே"ன்னு. "எனக்குத் தங்கச்சி ஒருத்திதாம்மா"ன்னுட்டான்.

கல்யாணத்தன்னைக்கு அவளுக்குச் சளி. ஆமா, சளிதான். லேசா மூக்கு ஒழுகுச்சு. மருந்துக்கடையில குடுத்த மாத்திரை, இதே மாத்திரைதான், பழத்துக்குள்ள வச்சுக் குடுத்தேன். ஒண்ணுக்கு ரெண்டா வச்சேன், சளி சீக்கிரம் விடட்டுமேன்னு. வாயில போட்டதும், "கசக்குதும்மா"ன்னா. "முழுங்குடி எந்தங்கம்"னேன். எம்மூஞ்சியவே பாத்துக்கிட்டு முழுங்குனா. புதுப் பாவாட தாவணிக்குக் கையக் காட்டுனா. "செத்த நேரம் படு, அம்மா கட்டிவிடுறேன்"னேன். படுத்தவ தூங்கிப்போனா. தூங்குற பிள்ளைய எழுப்பலாமா? பாவம்ல? போர்த்திவிட்டு, வீட்டப் பூட்டி, சாவிய இடுப்புல சொருகிக்கிட்டு மண்டபத்துக்குப் போனேன். பத்திரமாத்தானே விட்டுட்டுப் போனேன்?

ஏன் அப்புடிப் பாக்குறீங்க? நீங்களும் அவள மாதிரியே பாக்குறீங்களே. பிள்ளைக்கு மருந்து குடுக்குறது ஒரு குத்தமா?

நானே அந்தக் கல்யாணத்துல முன்னாடி நிக்கலையேம்மா. தாலி அறுத்தவ, எப்புடி நிக்க முடியும்? ஒத்தப் புள்ள கல்யாணம், பந்திக்கூடத்து வாசப்படியில நின்னு எட்டி எட்டிப் பாத்தேன். தலைங்களுக்கு நடுவுல அவன் தலப்பாகை நுனி தெரிஞ்சுது, அவ்வளவுதான். பெத்தவ மனசு கேக்காது, அதுக்காக முறைய விடமுடியுமா? எனக்கு வருத்தமான்னு கேட்டா... வருத்தம்லாம் ஒண்ணும் இல்ல. நான் ஒதுங்கி நிக்கலையா? அது மாதிரி அவளும் ஒதுங்கி இருந்தா என்ன கொறஞ்சு போச்சு?

கெட்டிமேளம் கொட்டுச்சு. குணா ஒரு முடிச்சு போட்டான். போட்டுட்டுத் திரும்பித் திரும்பித் தேடுறான். "மங்கை எங்கம்மா?"ன்னு அங்கேருந்தே கத்துறான். "பின்னால வேன்ல வர்றா"ன்னு காலையிலேயே சொல்லி வச்சிருந்தேன். தாரணி குனிஞ்சு கயித்தத் தொடப்போறா, அப்ப இந்தச் சங்கவி பின்னங்கழுத்துல கையப் போட்டு மறைச்சுக்கிட்டா! மணவறையில தலகுனிஞ்சு உக்காந்திருக்க வேண்டிய பொண்ணு! "இருங்க, மங்கை வரட்டும்"ங்குறா. ஐயரு நேரமாவுதுங்குறாரு. அவங்கம்மா அதட்டுறாங்க. கெட்டிமேளம் அடிக்கிறவன் அடிச்சு அடிச்சுக் கை ஓஞ்சு நிறுத்திட்டான். கழுத்துலேருந்து கைய எடுக்கலையே அவ! தாரணி மூஞ்சி செவந்து எறங்கிப் போயிட்டா. கடேசியில என்ன பண்ணுனா தெரியுமா? "ஒரு முடிச்சு போதும், மிச்சத்த மங்கை போடுவா"ன்னுட்டு, அவங்க சித்திகிட்ட ஒரு சேஃப்டி பின் வாங்கிக் குத்திக்கிட்டா. தாலிக்கயித்துல! எல்லாரும் அவசரத்துக்குன்னு தாலியில பின்ன மாட்டி வச்சிருப்பாங்க. எம்மருமகளுக்குத் தாலியே பின்னுலதான் நிக்குது. இன்னைய தேதி வரைக்கும் அப்புடித்தான்.

எந்தச் சிரிப்புக்குப் பயந்தேனோ, அதைவிட நாலு பங்கு சிரிச்சுது ஊரு. ஆரு காரணம்? அவதானே? பேசாம தாரணிய முடிச்சு போட விட்டிருந்தா ஒரு வம்பு உண்டா?

வீட்டுக்கு வந்தோம், நான் பூட்டத் தொறந்தேன். ஆரத்தியக் கரைச்சு, எடுக்கச் சொல்லி ஒரு சுமங்கலி கையில தட்டக் குடுக்குறேன், சங்கவி என்னைத் தாண்டிக்கிட்டு உள்ள ஓடுறா. மங்கை படுத்திருந்த எடத்துல போயி உக்காந்துக்கிட்டா. பட்டுப்பொடவையோட, தரையில. கண்ணத் தொறந்து பாக்குறா, நாடியப் புடிக்கிறா, மூக்குக்கிட்டக் காத வைக்கிறா. "என்ன குடுத்தீங்க அத்த?"ன்னா. சொன்னேன். எத்தனன்னா. சொன்னேன். அவ மூஞ்சி வெளுத்துப்போச்சு. "மூச்சு விட்டு விட்டு வருது அத்த, நடுவுல நின்னு நின்னு வருது, இந்த மாதிரி பிள்ளைங்களுக்குத் தூக்கத்துல மூச்சு அடைக்கும், இந்த மாத்திரையக் குடுத்தா எந்திரிக்காமலே போயிருவா"ன்னு என்னென்னமோ சொல்லுறா. அடிப்போடி, அவ சின்னதுலேருந்தே அப்புடித்தான் கொறட்ட விடுவா. கொர்ருன்னு இழுக்கும், நிக்கும், அப்பறம் பொசுக்குன்னு விடும். பக்கத்துலயே படுக்குற எனக்குத் தெரியாதா? இந்தப் பிள்ளைங்க அப்புடித்தான். மத்த கல்யாணப் பொண்ணுங்க பாலும் பழமும் சாப்புடுற நேரத்துல எம்மருமக என் மக நெஞ்சு ஏறி எறங்குறத எண்ணிக்கிட்டு உக்காந்திருந்தா.

அப்பறம் மங்கை முழிச்சா. முழிச்சவ சங்கவியப் பாத்தா, கழுத்து மாலையப் பாத்தா, தாலியப் பாத்தா. பாத்துட்டுச் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டா. சங்கவி கயித்தக் கையில குடுத்து, "இந்தா மங்கை, ரெண்டு நீ"ன்னு குனிஞ்சு கழுத்தக் காட்டுறா. இவ கைய மடக்கி அக்குள்ள வச்சுக்கிட்டா. அவ்வளவுதான். அதோட அந்த முடிச்சுப் பைத்தியமும் விட்டுச்சு. நல்லதாப் போச்சுன்னு நான் நெனச்சேன். ஆனா பாருங்க, அன்னையிலேருந்து வாழப்பழத்தையும் தொடமாட்டேன்னுட்டா. பழம்னா உசுரு அவளுக்கு. என்ன காரணமோ தெரியல. அப்பப்ப அப்புடித்தான், ஒண்ணு புடிக்கும், ஒண்ணு விட்டுப்போவும். அவளுக்கு என்னம்மா தெரியும்?

மறுவீடு முடிஞ்ச கையோட ரெண்டு பேருமா அவளக் கார்ல ஏத்திட்டாங்க. "டாக்டர்கிட்டக் காட்டிட்டு வர்றோம்"னுதான் குணா சொன்னான். அஞ்சு மாசமாவுது, இன்னும் காட்டிக்கிட்டே இருக்காங்க! ரத்தத்த எடுத்தாளாம், தைராய்டாம். இதயத்துக்கு ஒரு ஸ்கேனாம். காதுக்கு ஒரு டாக்டராம். காதுல ஏதோ அடச்சுக்கிட்டுக் கேக்காம இருந்துச்சாம். நான் கூப்புட்டாத் திரும்பமாட்டா, பிடிவாதம்னு முதுகுல ரெண்டு வச்சாத் திரும்புவா. அதுக்கு ஒரு டாக்டரா? ரெண்டு மூணு வருசமா அவ கொஞ்சம் மந்தமாத்தான் இருந்தா, ஒத்துக்கிறேன். ஒடம்பு ஊதிப்போச்சு, பகல்லயும் தூங்குவா, வெயில்ல கூடக் குளுருதும்பா, பேச்சும் கொறஞ்சுபோச்சு. ஊருல இருக்க டாக்டர்கிட்ட ஒருதரம் சொன்னேன். நிமுந்துகூடப் பாக்காம, "இந்தப் பிள்ளைங்க அப்படித்தாம்மா"ன்னாரு. படிச்சவரே சொல்லியாச்சு, அப்பறம் என்ன? இவ என்னடான்னா தெனம் காலையில வெறும் வயித்துல ஒரு மாத்திரை குடுக்குறாளாம். ஒரு நோயும் இல்லாத பிள்ளைக்கு மாத்திரை! பயமா இருக்குல்ல?

போன மாசம் குணா போன்ல படம் அனுப்புனான். எம்பொண்ணு வாசல் கூட்டுறா! கோலம் போடுறா! எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. நான் தண்ணி மொள்ள விடாம வளத்த பிள்ளைய வேலக்காரியாக்கிட்டா பாத்தீங்களா? ஏதோ பாக்குமட்டத் தட்டு செய்யிற எடமாம், இந்த மாதிரி பிள்ளைங்களா சேந்து செய்யுதுங்களாம், அங்க வேற போறாளாம். பஸ்ஸுல. "எங்கூடப் பேசச் சொல்லு"ன்னேன். வந்தா. "அம்மா, வேல இருக்கு, அப்பறம் பேசுறேன்"னு வச்சுட்டா. எங்கிட்ட! பெத்த மனம் பித்து, பிள்ள மனம் கல்லுன்னு சும்மாவா சொன்னாங்க? அவ இல்லாம அந்தக் கட்டில்ல எனக்குத் தூக்கமே வர்றதில்லம்மா. முந்தானைய இழுக்க ஆளில்ல. எந்திரிச்சா அது பாட்டுக்கு வருது.

இப்ப கேளுங்க, விசயம் இதுதான். நாளைக்குத் தாலி பிரிச்சுக் கோக்குறப்ப மங்கைதான் முடிச்சு போடுறாளாம். திரும்பக் கட்டிப் பழகுறாளாம். "அவளே போடுறேன்னுட்டா அத்த"ன்னு பெருமையாச் சொல்லுறா சங்கவி. சொந்தம் பந்தம் எல்லாத்தையும் கூப்புட்டிருக்காங்க. அதனால தாரணிகிட்டப் பேசிட்டேன். முதல்ல முறுக்கிக்கிட்டா, அப்பறம் சரின்னுட்டா, விடியக்காலம் வந்துருவா. ராத்திரி மங்கை எம்பக்கத்துலதான் படுப்பா. ஒண்ணே ஒண்ணு குடுத்தாப் போதும், இந்தத் தடவ ரெண்டெல்லாம் இல்ல. எல்லாம் முடிஞ்சு எந்திரிப்பா. சாயங்காலம் ஒரு ஆட்டோவ வச்சு பஸ்ஸ்டாண்டு, அங்கேருந்து ஊரு. பழம் எடுத்து வச்சிருக்கேன், கோவமெல்லாம் இந்நேரம் மறந்துருக்கும். அவ நல்லதுக்குத்தாம்மா. நாலு பேரு அவளப் பாத்து இளிக்கிறத நான் உசுரோட இருந்து பாக்கமாட்டேன். நான் செத்தப்பறம் யாரு வேணா என்ன வேணா பண்ணிக்கிடட்டும்.

என்ன, தண்ணி பாட்டில மூடவே மறந்துட்டீங்க, பொடவையில கொட்டுது பாருங்க.

எந்த ஊரு இது? துவாக்குடி தாண்டியாச்சா? அடுத்ததுதான் நம்ம எடம். செத்த இருங்க, போன் அடிக்குது.

ஹலோ... யாரு? சத்தமாப் பேசு, பஸ்ஸுல வர்றேன்... யாரு? மங்கையா? எங்கடி அண்ணன்? போன அண்ணிகிட்டக் குடு... இல்லியா? அப்ப ஆரு போட்டுக் குடுத்தா?... நீயாவா?... எங்க நிக்கிற? தனியாவா? அடியே, ரோட்டுலயா நிக்கிற!... ம்... ம்... நான் எப்புடிடி அங்க உக்காருறது... அதெல்லாம் கூடாது... ம்... என்னது? என்ன வேண்டாம்?... சரி... சரி. சரி, வைய்யி.

அவதான். எம்பொண்ணு. அவளே நம்பரப் போட்டிருக்கா. பஸ் ஸ்டாப்புல நிக்கிறாளாம், மருந்துக்கடைக்கிட்ட. அண்ணி மாவாட்டுறாளாம், அண்ணன் பட்டறையாம், அம்மாவ நான் கூட்டியாறேன்னு வந்துட்டாளாம். "வழி தெரியும்மா"ங்குறா. திக்கித் திக்கித்தான் சொன்னா, ஆனா முழுசாச் சொல்லிட்டா. இத்தன பேச்சு எங்கிட்டப் பேசுனதில்லம்மா அவ.

"ஒண்ணு அண்ணன், ரெண்டு நான்"னா. நாளைக்கு நான் அவ பக்கத்துல உக்காரணுமாம். முன்னாடி. தாலி இல்லாதவ அங்கெல்லாம் உக்காரக்கூடாதுன்னு சொன்னா, "உக்காரு"ங்குறா. "நீ எங்கிட்ட உக்காரு." அவளுக்கு முறையெல்லாம் என்ன... அவளுக்கு என்ன...

அப்பறம் இன்னொண்ணு சொன்னா. "அம்மா, பழம் வேண்டாம். நீ மட்டும் வா"ன்னா.

பழம் கொண்டாறேன்னு நான் யாருகிட்டயும் சொல்லலையே. பழத்துக்குள்ள வச்சுக் குடுத்ததும் யாருக்கும் தெரியாது. சங்கவிகிட்ட மாத்திரைன்னுதான் சொன்னேன், பழம்னு சொல்லல. குணாவுக்கும் தெரியாது. எனக்கும் அவளுக்கும் மட்டுந்தான். அன்னைக்குக் கசக்குதுன்னா. கசக்குதுன்னுட்டு எம்மூஞ்சியவே பாத்தா. பாத்துக்கிட்டேதான் முழுங்குனா. அப்ப... தெரிஞ்சேவா முழுங்குனா? அம்மா குடுக்குறாளேன்னா?

இல்ல, ஒண்ணும் இல்லம்மா. எனக்கு ஒண்ணும் இல்ல. ஏதோ தூசி.

எந்திரிக்கணும், ஆள் எறங்கணும்ங்க கண்டக்டரே! ஜன்னல் வழியாப் பாருங்களேன், மருந்துக்கடைக்கிட்டப் பச்சச் சுடிதாரு. அதான் எம்பொண்ணு. எளச்சுட்டா. நேரா நிக்கிறா பாருங்க. தலைய யாரு பின்னிவிட்டது, கோணலா இருக்கு... அவளே பின்னிருப்பா. கையில என்னமோ வச்சுக்கிட்டு நிக்கிறாளே, என்னது அது? கயிறு. அந்தக் கம்பத்துல கட்டிக்கிட்டிருக்கா.

இந்தாங்க, இந்தப் பழத்த நீங்க எடுத்துக்கிடுங்க. அட வாங்கிக்கிடுங்க, பிள்ளைங்களுக்குக் குடுங்க. பயப்படாதீங்கம்மா, இதுல ஒண்ணும் வைக்கல. வெறும் பழந்தான், சத்தியமா. அப்பறம் இந்த மாத்திரையும். வேண்டாம், நீங்க போட்டுக்காதீங்க, எவ்வளவு இருமலா இருந்தாலும் போடாதீங்க, மூச்சு அடைக்குமாம். எங்கயாவது குப்பையில போட்டுருங்க. ஜன்னல் வழியா வீசிராதீங்க, எந்தப் பிள்ளையாச்சும் எடுத்து வாயில வச்சுரும்.

வர்றேம்மா. வெறுங்கையோட போறேன். போனாப் போவுது, எம்பொண்ணு வீடுதானே.